சோழபுரத்தில் நான் விட்ட வார்த்தைகள்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அட்மின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு உங்களுக்கு ஒரு டூர் அரேஞ்ச் பண்ணியிருக்கேன் மேடம்" என்றார். எனக்கு டூர் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரகடத்தில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாக ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினியர்கள் பேசுவதைத் தமிழிலும், நம் ஆட்கள் பேசுவதை ஜப்பானிய மொழியிலும் சொல்ல வேண்டும். அந்த மாதம் வந்திருந்தவர் பிரஸ் மெஷின் பழுது பார்ப்பவர். ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு, எதையும் அவசரப்படாமல் செய்கிறவர். இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் அடிக்கும் தகடுகளில் சில சுருக்கம் விழுந்து வந்தன. என்ன காரணம் என்று கண்டுபிடிக்க வந்தவருக்கு மூன்று வாரமாகியும் பிடிபடவில்லை. அவர் சோர்ந்துபோயிருக்கிறார் என்று மேனேஜர் தானாகவே முடிவு செய்துவிட்டார்.

"காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போகட்டுமா சார்? வாலாஜாபாத் தாண்டினா வந்துடும்" என்றேன். என் வீடு வாலாஜாபாத்தில். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற கணக்கு.

"அதை எல்லாரும் பாத்தாச்சு. கங்கைகொண்ட சோழபுரம் போங்க. சோழர் தலைநகரம் மேடம். ஒரு காலத்துல எப்படி இருந்த ஊரு, இப்ப கோயிலும் இடிஞ்ச செங்கல்லும்தான் மிச்சம். நான் ஒரு வீடியோ பாத்தேன். கைடுகிட்ட பேசிட்டேன். காலைல அஞ்சு மணிக்குக் கார் வரும்."

என் கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வருவது மாதத்துக்கு ஒரு ஞாயிறு. அது இந்த ஞாயிறு. இதை மேனேஜரிடம் சொன்னேன். "சாரையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றார். என் கணவருக்கு என்ன பைத்தியமா, ஐந்து மணிக்கு எழுந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் செங்கல் பார்க்க.

ஐந்து மணிக்கு வர வேண்டிய கார் ஐந்தே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். ஏறியதும், "இன்னா மேடம் இது, ஞாயித்துக்கெழம அதுவுமா" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டதால் எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. லாட்ஜ் வாசலில் இன்ஜினியர் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். பின் சீட்டில் ஏறி, முகக்கவசத்தைக் கண் வரை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியபோதே மேனேஜரின் முதல் அழைப்பு. "ஹேப்பியா இருக்காரா?"

"தூங்கறார் சார்."

"போட்டோ அனுப்புங்க."

"தூங்கறதையா சார்?"

"இல்ல இல்ல, முழிச்சதும்."

மணிக்கு ஒருமுறை இதே அழைப்பு வந்தது. விக்கிரவாண்டியில் திரும்பிய பிறகு சாலை சாலையாக இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு மாற்றுப்பாதைப் பலகை, அதைத் தாண்டினால் செம்மண் புழுதி, முன்னால் கரும்பு லாரி. பண்ருட்டியில் இன்ஜினியர் கண் விழித்தார். சாலையோரம் குவித்திருந்த பலாப்பழங்களைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். வரலாறு, கோயில், சோழர் என்று எதைச் சொன்னாலும் அசையாத மனிதர், பலாப்பழம் அறுப்பதை அரை மணி நேரம் நின்று பார்த்தார். அறுக்கிறவர் கையில் ஏன் எண்ணெய் தடவுகிறார் என்று கேட்கச் சொன்னார். "பால் ஒட்டாம இருக்க" என்றார் கடைக்காரர். கத்திக்கும் தடவுவாரா, எந்த எண்ணெய், எத்தனை பழத்துக்கு ஒரு தடவை தடவுவார் என்று கேள்விகள் தொடர்ந்தன. ஒன்பது சுளை சாப்பிட்டார். நான் அந்தப் படத்தை மேனேஜருக்கு அனுப்பினேன். "எக்ஸலண்ட். கோயில் எங்கே?" என்று பதில் வந்தது.

கோயில் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால். கைடு ஒன்பதரையிலிருந்து காத்திருந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜெயங்கொண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த வேலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பழைய ரேடியோ ஏரியல் வைத்திருந்தார். அதை இழுத்து நீட்டிச் சிற்பங்களைச் சுட்டிக் காட்டுவார்.

"பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்கம்மா. பத்து மணிக்கு வர்றதாத்தானே பேச்சு?"

"ரோடு சரியில்லைங்க" என்றேன். பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

உள்ளே ஓடினோம். வெயில் ஏறிய கல்தரையில் இன்ஜினியர் வெறுங்காலோடு தாவித் தாவி வந்தார். பெரிய லிங்கத்தை இரண்டு நிமிடம் பார்த்ததும் குருக்கள் கதவை நோக்கிக் கையைக் காட்டினார். வெளியே வந்து விமானத்தின் நிழலில் நின்றோம். அங்கேதான் கைடு தன் உரையைத் தொடங்கினார்.

நன்றாகத்தான் பேசினார். அப்பா தஞ்சாவூரில் கட்டிய கோயில் நேராக நிமிர்ந்து நிற்கும், மகன் கட்டிய இது உள்வாங்கி வளைந்து ஏறும், அப்பாவை மிஞ்சக்கூடாது என்று மகன் உயரத்தைக் குறைத்துக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது, கட்டியவர்கள் வேறு ஒரு அழகைத் தேடியிருக்கலாம் என்பது தன் அபிப்பிராயம் என்று ஐந்து நிமிடம் சொன்னார். ஏரியல் மேலும் கீழும் ஆடியது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் இன்ஜினியரிடம், "இந்தக் கோபுரம் வளைவாக இருக்கிறது என்கிறார்" என்றேன்.

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம், தெரிகிறது" என்றார்.

இதை வேண்டுமென்றே செய்யவில்லை. எட்டு வருடத்தில் வந்த பழக்கம். தொழிற்சாலையில் ஒருவர் பத்து நிமிடம் பேசினால், மீட்டிங்கில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து, "பாயின்ட் என்ன?" என்று கேட்பார்கள். பாயின்ட்டைச் சொல்லிச் சொல்லி, மற்றதெல்லாம் என் காதில் உமியாகவே விழ ஆரம்பித்துவிட்டது. பசி வேறு. சோழர் காலத்துக் கட்டடக்கலைக்கு வேண்டிய ஜப்பானிய வார்த்தைகளும் என்னிடம் இல்லை. பியரிங், போல்ட், தகட்டின் ஓரப் பிசிறு, இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அடுத்து, சிவன் ஒரு பக்தனின் தலையில் பூமாலை சுற்றும் சிற்பம். கைடு குரலைத் தாழ்த்தி, அது பக்தன் இல்லை, இந்த ஊரைக் கட்டிய அரசனுக்கே கடவுள் முடிசூட்டுவதாகச் சிலர் சொல்வதையும், அப்படிச் சொல்வதில் இருக்கும் சிக்கலையும் விளக்கினார். நான், "கடவுள் மாலை போடுகிறார்" என்றேன். இன்ஜினியர் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த மெஷினை எட்டிப் பார்த்தார்.

"புல்வெளியை யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள்."

கேட்டேன். கைடு முகம் சுருங்கியது. "ராஜா படை கங்கை வரைக்கும் போன கதைய நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, இவரு புல்லு பத்திக் கேக்கறாரு" என்றார்.

பிறகு இன்ஜினியர் கேட்டது நியாயமான கேள்வி. இவ்வளவு பெரிய கோயிலுக்குச் சுற்றுமதில் ஏன் இப்படிக் குட்டையாக, துண்டு துண்டாக இருக்கிறது, முன்னால் ஒரு கோபுரம் இருந்த மாதிரி அடிப்பகுதி மட்டும் கிடக்கிறதே, கல்லெல்லாம் எங்கே போனது? கைடு இதற்காகவே காத்திருந்த மாதிரி உற்சாகமாகிவிட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது மதிலைப் பெயர்த்துக் கல்லை எடுத்துப் போனது, ஊரார் எதிர்த்தது, பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னது, அது எந்த லட்சணத்தில் முடிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் கோபம், கொஞ்சம் ஈரம்கூட.

"மதில் இடிந்துவிட்டதாம்" என்றேன் நான்.

கைடு ஏரியலை மடக்கினார். "என்னங்கம்மா இது" என்றார். "நான் எவ்வளவு சொன்னேன். நீங்க மூணு வார்த்தைல முடிச்சிட்டீங்க."

"ஜப்பானிய மொழில சுருக்கமாச் சொல்லலாம்ங்க."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதும்மா. ஆனா அவரு மூஞ்சி தெரியுது. மதிலையே பேத்துட்டுப் போய்ட்டாங்கன்னு கேட்ட மனுசன் மூஞ்சி இப்படியா இருக்கும்?"

இன்ஜினியர் முகம் சாதுவாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. காலையிலிருந்து சேர்ந்த புழுதி, மேனேஜர், கைவிட்டுப் போன ஞாயிறு, எல்லாம் சேர்ந்து வந்தது. "சார், அவர் மெஷின் பாக்க வந்தவர். அவருக்கு இவ்வளவெல்லாம் வேணாம்."

"அவருக்கு எவ்வளவு வேணும்னு நீங்க எப்படிம்மா முடிவு பண்றீங்க?"

"எட்டு வருஷமா இதுதாங்க என் வேலை."

"அப்ப நீங்களே சொல்லிக்குங்க" என்று சொல்லிவிட்டு, புல்வெளியைக் கடந்து வாசலை நோக்கி நடந்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சமயம் பார்த்து மேனேஜர். "எப்படிப் போகுது மேடம்?" நன்றாகப் போகிறது என்று சொல்லி வைத்தேன்.

"என்ன சொல்லிவிட்டுப் போகிறார்?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"டீ குடிக்கப் போகிறார்."

"கோபமாகத் தெரிந்தாரே. என் மேலா, உங்கள் மேலா?"

சிங்கம் போல முகப்பு கட்டிய கிணறு ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் ஓரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் நிறையச் சொன்னார், நான் கொஞ்சமாகச் சொன்னேன், அதனால் கோபம் என்று.

"எனக்கும் தோன்றியது" என்றார். "அவர் ஐந்து நிமிடம் பேசுவார், நீங்கள் ஐந்து விநாடி. தமிழ் நீளமான மொழி என்று நினைத்துக்கொண்டேன்." கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. பிறகு கேட்டார்: "தொழிற்சாலையிலும் இப்படித்தானா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. முக்கியமான எதையும் விட்டதில்லை என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இரண்டாம் பிரஸ்ஸில் காலை ஷிப்ட்டில் நிற்பவர், மீசை வைத்தவர், நான் வந்த முதல் வாரமே கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். 'சில சமயம் சுருக்கம் விழுகிறது' என்று சொன்னீர்கள். அது எனக்கு முன்பே தெரியும். அவர் முழுதாக என்ன சொன்னார்?"

அந்த ஆபரேட்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். பேச ஆரம்பித்தால் விடமாட்டார். அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இருந்தது என்பதுதான் கொடுமை. "டீக்குப் போகும்போது காத்தை அடைச்சிட்டுப் போவச் சொல்லுதாவ மேடம், கரண்ட்டு மிச்சமாம். வந்து தொறந்த ஒடனே அடிச்சா மொத பத்துப் பீஸு சுருங்கித்தான் வருது. பொறவு சரியாயிருது. நான் சொன்னா யாரு கேக்கா?" பக்கத்திலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார். காற்று வால்வை மூடச் சொன்னவர் அவர்தான். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்வானேன் என்று ஒரு எண்ணம். ஆபரேட்டர்கள் எப்போதும் இப்படி ஏதாவது குறை சொல்வார்கள் என்று இன்னொரு எண்ணம். லஞ்ச் பெல் வேறு அடித்துவிட்டது.

இதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னேன். சூப்பர்வைசர் நின்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "மறுபடியும் சொல்லுங்கள், மெதுவாக." சொன்னேன். எழுதினார். தகடு சுருங்காமல் அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது காற்றழுத்தம்தான். வால்வைத் திறந்ததும் அது முழு அளவுக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அடித்தால் சுருங்கும். இவ்வளவுதான் விஷயம்.

"நான் அந்தப் பிரஸ்ஸின் அச்சை நான்கு தடவை கழற்றி மாட்டினேன்" என்றார்.

நோட்டை மூடிப் பையில் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அந்த நான்கு தடவையும் நானும் கூட நின்றிருக்கிறேன். அவருக்காக ஷிப்ட் முடிந்தும் காத்திருந்து, கடைசி கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, வீட்டில் போய்ச் சிடுசிடுத்திருக்கிறேன். யார் மேல் எரிச்சல்பட்டேனோ அவர்கள் யாரும் காரணமில்லை.

பிறகு அவர் எழுந்து, "கைடைக் கூப்பிடுங்கள். மதில் கதையை நான் கேட்க வேண்டும்" என்றார்.

வாசலில் இருந்த டீக்கடையில் கைடும் எங்கள் ஓட்டுநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்ததும், "மேடம், அண்ணன் ரொம்ப பீலிங்க்ல கீறாரு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "தப்பு என்னுதுதாங்க. நீங்க சொல்றத எல்லாம் சொல்லிடறேன். வாங்க."

கைடு வடையை மென்று முடித்தார். "நான் ஒரு வாக்கியம் சொல்லுவேன். நீங்க அதை அவருகிட்டச் சொல்லி முடிச்ச பெறகுதான் அடுத்த வாக்கியம். சம்மதமா?"

சம்மதித்தேன். என்ன சம்மதித்தேன் என்று மாளிகைமேட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மாளிகைமேடு கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அரண்மனை இருந்த இடம். இப்போது தகரக் கூரைகளுக்குக் கீழே, தோண்டிய பள்ளத்தில், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வரிசைகள். தகரத்துக்கு மேலே ஒரு மணி வெயில். கைடு ஒரு வாக்கியம் சொல்வார். நான் போனில் வார்த்தை தேடுவேன். சிக்னல் வராது. வேறு வார்த்தைகளைச் சுற்றி வளைத்துச் சொல்வேன். இன்ஜினியர் ஒரு கேள்வி கேட்பார். அதைத் தமிழில் சொல்வேன். கைடு அதற்கு ஒரு வாக்கியம். என் தொண்டை வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"இந்த எடத்துலதான் ராஜா உக்காந்து தீர்ப்பு சொன்னாருன்னு சில பேரு சொல்லுவாங்க," என்றார் கைடு. நான் சொன்னேன். "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல." சொன்னேன். "எந்த அறையில யாரு இருந்தாங்கன்னு இந்தச் செங்கல்ல எழுதியா வச்சிருக்கு?" சொன்னேன். இன்ஜினியர் சிரித்தார். அன்று முதல் தடவையாக இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில், என் மொழிபெயர்ப்புக்கு எடுத்த இடைவெளி போக, சிரித்தார்கள். இந்த மனிதர் வாய்க்கு வந்ததை அளக்கிற கைடு என்று நான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாக்கியங்களைத்தான் நான் முதலில் வெட்டியிருக்கிறேன்.

பிறகு மதில் கதை, கொள்ளிடம், ஊரார் எதிர்ப்பு, எல்லாம். இன்ஜினியர் முகம் இந்தத் தடவை மாறியது. "கல்லைத் திருப்பிக் கேட்கவில்லையா?" என்றார். "அணையில வச்சு கட்டின கல்ல எப்படிங்க திருப்பிக் கேக்கறது?" என்றார் கைடு. "அந்தத் தண்ணிலதான் இப்ப நெலம் பாயுதே."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கைடு இன்னும் கங்கைக்குக் கிளம்பவில்லை, படை இப்போதுதான் கலிங்கத்தில் நின்றது. இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு என்னிடம், "கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாமே" என்றார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. "கொஞ்சம் சுருக்கமாச் சொல்லச் சொல்றார்" என்றேன் கைடிடம்.

கைடு என்னைக் கூர்ந்து பார்த்தார். "இது அவரு வார்த்தையா, உங்க வார்த்தையா?"

"அவர் வார்த்தைதாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வயிற்றைத் தடவிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு மெஸ்ஸில் நான்கு பேரும் சாப்பிட்டோம். மீன் குழம்பு. படை அங்கே கலிங்கத்திலிருந்து கங்கைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லி முடித்தேன். என் சாப்பாடு ஆறிவிட்டது.

திங்கட்கிழமை காலை டீ இடைவேளையில் இன்ஜினியர் வால்வை மூட விடவில்லை. வந்து அடித்த முதல் தகடே சுருக்கமில்லாமல் வந்தது. அடுத்த இடைவேளையில் மூடச் சொல்லிப் பார்த்தார். சுருங்கியது. மீசைக்காரர் பக்கத்தில் வந்து, "நான் அன்னைக்கே சொன்னேம்லா மேடம்" என்றார். "சொன்னீங்க. நான்தான் சொல்லல" என்றேன். அவர் அதை நம்பவில்லை, ஏதோ தன்னைச் சமாதானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது என் மீட்டிங்குகள் நீண்டுவிட்டன. ஒருவர் பேசியதை முழுதாகச் சொல்கிறேன், முணுமுணுப்பு உட்பட. "பாயின்ட் என்ன?" என்று யாராவது கேட்டால், இன்னும் நான் சொல்லி முடிக்கவில்லை என்கிறேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனக்கும் கால் வலிக்கத்தான் செய்கிறது.

மேனேஜர் மட்டும்தான் சந்தோஷமாக இருக்கிறார். டூர் போய் மனசு தெளிந்ததால்தான் இன்ஜினியருக்குக் காரணம் பிடிபட்டது என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். அடுத்து வரும் டீமில் ஆறு பேராம். அவர்களைச் செஞ்சிக்கு அனுப்ப வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை எனக்கு லீவு எழுதிக் கொடுத்தால் போகிறேன் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.